வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பலாமா? ஜெர்மனியில் படித்துக்கொண்டே ஊர் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகனில் முதுநிலைப் படிப்புக்கு வந்து எனக்கு இது மூன்றாவது வருடம். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கிற ஊர். பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரம். ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாக வந்து இறங்கும் தம்பி தங்கைகள் முதல் மாதம் வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று கேட்பார்கள். இரண்டாவது மாதம் "அக்கா, பாரிஸ் எப்போ போகலாம்?" என்று ஆரம்பிக்கும். குளிர் விட்டதும் "அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வரலாமா?" ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். டிரெஸ்டனிலோ மியூனிக்கிலோ இருப்பவர்களுக்கு ஊர்ப் பெயர்கள் மாறும், மற்றது பெரும்பாலும் பொருந்தும்.

முதல் பயணம் எங்கே? பாரிஸா, ஆம்ஸ்டர்டமா?

இரண்டும் வேண்டாம். முதலில் அரை நாள் பயணம் ஒன்று போய்விட்டு வாருங்கள். ஆகனிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் நெதர்லாந்தின் வால்ஸ் வந்துவிடும். அங்கிருந்து காட்டு வழியே மேலே நடந்தால் மூன்று நாடுகளும் சந்திக்கிற இடம். உயரம் 322 மீட்டர். ஐரோப்பாவில் இருக்கும் நெதர்லாந்து நிலத்திலேயே உயரமான இடம் இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். மலை பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அது ஒரு கரடு.

உச்சியில் ஒரு எல்லைக் கல். அதை ஒருமுறை சுற்றினால் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் முடிந்தது. ஒரு காலத்தில் இங்கே நான்கு எல்லைகள் சந்தித்தன. பக்கத்துத் துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று சண்டை தீராததால், மோரெஸ்னெட் என்ற துண்டு நிலத்தை 1816 முதல் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத நடுநிலைப் பகுதியாக விட்டுவைத்திருந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அது பெல்ஜியத்தோடு சேர்ந்தது.

நாங்கள் நாலு பேர் எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு போனோம். கூட வந்த தம்பி ஒருவன் பாஸ்போர்ட்டைக் கையிலேயே பிடித்தபடி "இமிக்ரேஷன் எங்கக்கா?" என்று கேட்டான். நாங்கள் நின்றிருந்த இடம் அதற்குள் பெல்ஜியம்.

பயணச் செலவுக்கே பணம் போய்விடாதா?

போகாது. டிக்கெட்டுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு மாணவர்களுக்கான டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் சேர்ந்தே வருகிறது. 2023 மே மாதம், மாதத்துக்கு 49 யூரோ என்று ஆரம்பித்த திட்டம் இது. 2025-இல் 58, 2026-இல் 63 யூரோ என்று ஏறியது. மாணவர் டிக்கெட்டுக்கு அதில் 60 சதவீதம்தான். நாடு முழுக்க நகரப் பஸ், டிராம், சுரங்க ரயில், எஸ்-பான், ஆர்.பி., ஆர்.இ. என்று எழுதிய உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைகூட இதிலேயே போகலாம்.

செல்லாதவை ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. போன்ற நெடுந்தூர ரயில்கள். பெட்டியின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பலகையில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். தெரியாமல் ஏறி மாட்டினால் 60 யூரோ அபராதம். "நான் ஸ்டூடண்ட், தெரியாது" என்பதைப் பரிசோதகர்கள் தினம் நாற்பது தடவை கேட்டிருப்பார்கள்.

இன்னொன்று. டிக்கெட் உங்கள் பெயரில் மட்டும்தான். நண்பருக்குக் கொடுக்க முடியாது, இன்னொருவரைக் கூட ஏற்றிக்கொள்ளவும் முடியாது. போட்டோ உள்ள அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

வேறு ஊரிலிருந்து டிக்கெட் இல்லாத நண்பர்கள் வந்தால்?

மாநில டிக்கெட்டுகள் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, பவேரியாவில் ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல். சனி, ஞாயிறில் நள்ளிரவு முதலே. மறுநாள் விடியற்காலை 3 மணி வரை செல்லும். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு விழுவது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

தூர ஊர்களுக்குச் சலுகை விலை ஐ.சி.இ. டிக்கெட் உண்டு, ஆனால் முன்கூட்டியே எடுக்க வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து சனிக்கிழமைக்குத் தேடினால் விலையைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் போய்வரலாம்?

ஒரு வழிக்கு மூன்று மணி நேரம், இது என் கணக்கு. அதற்கு மேல் போனால் ஊரைப் பார்ப்பதில்லை, ரயிலைத்தான் பார்க்கிறோம்.

அந்த மூன்று மணி நேரத்துக்குள் ஆகனிலிருந்து போக எனக்கு மிகவும் பிடித்தது ரைன் ஆற்றங்கரை. முதலில் கொலோன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே 157 மீட்டரில் கதீட்ரல் நிற்கும். 1248-இல் அடிக்கல் போட்டு 1880-இல் முடித்த கட்டடம். நடுவில் முந்நூறு வருடம் போல வேலையே நடக்கவில்லை, கோபுரத்தின் மேல் ஒரு பாரந்தூக்கி மட்டும் நின்றுகொண்டிருந்தது. (தீசிஸ் முடியவில்லை என்று புலம்புகிறவர்களை நான் அங்கே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம்.)

கொலோனிலிருந்து தெற்கே கோப்லென்ஸ். மோசல் ஆறு ரைனில் வந்து கலக்கிற மூலை, நம் பவானி கூடுதுறையைப் போல. இங்கே முங்கி எழ ஆள் இல்லை, குதிரை மேல் ஒரு பேரரசர் சிலை இருக்கிறார். அதற்கு அடுத்ததுதான் விஷயமே. கோப்லென்ஸிலிருந்து பிங்கன் வரை ஆறு பள்ளத்தாக்குக்குள் நெளிந்து போகிறது, ஆர்.பி. 26 ரயில் மேற்குக் கரையை ஒட்டியே கூடப் போகிறது. தெற்கு நோக்கிப் போகும்போது கட்டாயம் இடது பக்க ஜன்னல். ஒரு கோட்டை மறைவதற்குள் அடுத்த கோட்டை வந்துவிடும், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், காவுப் அருகே ஆற்றின் நடுவில் கப்பல் மாதிரி நிற்கும் ஒரு சுங்கக் கோட்டை. 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இடம். நமக்கு அது டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்குள் அடக்கம்.

இதில் சாங்க்ட் கோவார் என்ற சின்ன ஊரில் இறங்குங்கள். மேலே ரைன்ஃபெல்ஸ் என்ற இடிந்த கோட்டைக்கு ஏறலாம். படகில் எதிர்க்கரைக்கும் போகலாம், அந்தப் பக்கம்தான் லோரெலை பாறை. பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கிய பெண் அதன் மேல் உட்கார்ந்திருந்தாளாம். நாங்கள் போன அன்று அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம்.

ரயில் தாமதமானால்?

"தாமதமானால்" என்று கேட்கும்போதே நீங்கள் புதிது என்று தெரிகிறது.

ஐ.சி.இ.யில் சலுகை டிக்கெட் எடுத்திருந்தால் குறிப்பிட்ட அந்த ரயிலில் மட்டும்தான் போக வேண்டும். ஆனால் போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும், வேறு ரயில் பிடிக்கலாம். 60 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் கால்வாசியும், 120 நிமிடமானால் பாதியும் திரும்பக் கிடைக்கும். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 1.50 யூரோ, அதுவும் 4 யூரோவுக்குக் குறைந்தால் தரமாட்டார்கள். ஆக மூன்று தாமதம் சேர வேண்டும். கவலைப்படாதீர்கள், சேரும். ரயில் தாமதம் என்று சொல்லி அந்த டிக்கெட்டோடு ஐ.சி.இ.யில் ஏறிவிட மட்டும் முடியாது.

தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அட்டவணையில் எஸ்.இ.வி. என்று பார்த்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்காது, எங்கேயாவது பின்பக்கம் நிற்கும்.

முதல் வருடம் டிசம்பரில், ஒரு சின்ன ஸ்டேஷனில், ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு எங்கள் கடைசி ரயில் ரத்தானது. நாலு பேர். காத்திருப்பு அறையைப் பூட்டிவிட்டார்கள். எதிரே ஒரு துருக்கிக் கடை மட்டும் திறந்திருந்தது. ஆளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு ஒரு மணி வரை தள்ளினோம், கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்ததும் இன்னொரு டீ வாங்கினோம். அவருக்கே மனசு கேட்காமல் இரண்டரை வரை உட்கார விட்டார். மிச்ச நேரத்தை பிளாட்ஃபாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே கழித்தோம். அன்றிலிருந்து கடைசிக்கு முந்தைய ரயில்தான் எனக்குக் கடைசி ரயில்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கட்டிக்கொண்டு போவதுதான். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி உருட்டல் மூன்றும் ரயிலுக்கு உத்தமம். தயிர்சாதம் வெயில் காலத்தில் வேண்டாம். குழம்பு எந்தக் காலத்திலும் வேண்டாம். மூடியை நம்பி ஒருத்தி பட்ட பாடு எனக்குத் தெரியும், அந்தப் பையில் இன்னும் வத்தக்குழம்பு வாசம் இருக்கிறது.

சைவம் என்றால் ஃபலாஃபெல் எல்லா ஊரிலும் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கை: பெல்ஜியத்தின் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், கரடி வடிவ ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். கடையில் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலைத் தூக்கி எறியாமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகள்தான் அன்றைக்குக் கதி.

எல்லை தாண்ட என்ன ஆவணம் வேண்டும்?

பாஸ்போர்ட், ஜெர்மன் வசிப்பிட அனுமதி அட்டை, இரண்டும். போட்டோகாப்பி போதாது, போனில் படம் போதாது. இவை இருந்தால் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். குரோஷியா 2023-இலும், பல்கேரியா, ருமேனியா 2025-இலும் முழுமையாக உள்ளே வந்துவிட்டன. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் வெளியே. அவற்றுக்குத் தனி விசா.

எல்லையில் யாரும் கேட்பதில்லை என்று சீனியர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும்போது எங்களை ஓரங்கட்டினார்கள். ஒவ்வொருவராக அட்டையைக் காட்டினோம். என் அட்டை வீட்டு மேசை டிராயரில் இருந்தது, தவறு முழுக்க என்னுடையது. பாஸ்போர்ட்டில் பழைய விசா காலாவதியாகியிருந்தது. இருபத்தைந்து நிமிடம், மொத்த பஸ்ஸும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு அதிகாரி என் பெயரைக் கணினியில் தேடி உறுதி செய்துகொண்டு விட்டார். பக்கத்து சீட்டுக்காரர் அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை.

அட்டை இன்னும் வரவில்லை, தற்காலிகக் காகிதம் மட்டும் இருக்கிறது என்றால் அதில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். வசிப்பிடச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 3-ஆம் பத்தி என்றால் நாட்டை விட்டு வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது. 4-ஆம் பத்தி என்றால் வரலாம். எதுவானாலும் கிளம்புவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வார இறுதிக்காக ஒரு செமஸ்டரைப் பணயம் வைக்க வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு அங்கேயும் செல்லுமா?

பொதுக் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் ஐரோப்பிய அட்டை அச்சாகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர சிகிச்சைக்கு அது போதும், ஆனால் இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு டென்மார்க்கிலும் ஸ்விட்சர்லாந்திலும் அது செல்லாது. தனியார் காப்பீடு என்றால் ஒப்பந்தத்தைப் படித்தே ஆக வேண்டும்.

ஸ்விட்சர்லாந்து?

ஆசை நியாயமானது, பர்ஸ்தான் தாங்காது. ஜெர்மன் சிம் ஒன்றிய நாடுகளில் கூடுதல் காசு இல்லாமல் வேலை செய்யும், ஸ்விட்சர்லாந்து அந்த ஏற்பாட்டுக்குள் இல்லை. உங்கள் திட்டத்தில் தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று பார்க்காமல் எல்லையில் டேட்டாவை ஆனில் வைக்காதீர்கள். மாணவராகப் போனால் ஷாஃப்ஹவுசன் பக்கம் ரைன் அருவி போதும்: 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். குற்றாலம் மாதிரி தலையைக் கொடுக்க முடியாது, சாரல் மட்டும் மேலே படும். பனிமலையெல்லாம் சம்பளம் வாங்கியபின்.

படிப்பும் வேலையும் கெடாதா?

கெடும், கணக்கில்லாமல் போனால். நம் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை என்றால் அது இந்தக் கணக்கில் வராது. கடை வேலை, கிடங்கு வேலை செய்பவர்களுக்கு ஷிஃப்ட் கிடைப்பது பெரும்பாலும் சனிக்கிழமைதான். ஆக மாதத்தில் ஒரு சனி ஊர் சுற்ற, மிச்சம் சம்பாதிக்க, துணி துவைக்க, தூங்க. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும்; வாடகை, காப்பீடு, மளிகை போக மிஞ்சுவது உங்களுக்கே தெரியும். கட்டுச்சோறும் கையிலிருக்கிற டிக்கெட்டுமாக 10 யூரோவுக்குள் முடித்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு எங்கேயும் போகாதீர்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் ரயிலில் படிப்பேன் என்பவரை நான் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை பேர் போவது நல்லது?

நாலு. ரயிலில் எதிரெதிரே நாலு சீட். ஐந்தாவது ஆள் நடைபாதையில் நிற்பார், ஏழு பேர் ஆனால் ஒரு காபி குடிக்க நாற்பது நிமிடம். பன்னிரண்டு பேர் போவதற்குப் பெயர் பயணம் இல்லை, கல்யாண வேன்.

காசைப் போகப் போகச் செயலியில் ஏற்றிவிடுங்கள், "அப்புறம் பாத்துக்கலாம்" வேண்டாம். பாட்டில் முன்பணம் யாருக்கு என்று சண்டை போட்டுப் பேசாமல் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். 75 சென்ட்.

பெண்கள் மட்டும் போகலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

நாங்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று நிறையப் போயிருக்கிறோம். நான் தனியாகவும் போயிருக்கிறேன். பெரிய ஸ்டேஷன்களின் சுற்றுப்புறம் நள்ளிரவுக்கு மேல் நன்றாக இருக்காது, விடுதியை அதற்கு ஏற்றபடி எடுங்கள். அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் கடினமான பகுதி. நான் போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிடுவேன். அதில் ஒரு தொந்தரவு: ரயில் சுரங்கத்துக்குள் போய்ப் புள்ளி நகராமல் நின்றால் கோவில்பட்டியிலிருந்து போன் வரும்.

தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டும் போல இருக்கிறது. எங்கே போவது?

ஹாம். ஆகனில் ஆர்.இ. 1 ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கொலோன், டுசல்டார்ஃப், எஸ்ஸன், டோர்ட்முண்ட் எல்லாம் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் அதுதான். மாறவே வேண்டாம், மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப். தொழிற்பேட்டைக்கு நடுவில், கிடங்குகளுக்கும் லாரிகளுக்கும் இடையே, 17 மீட்டர் ராஜகோபுரம் எழும்பி நிற்கும். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். எண்பதுகளில் போரினால் இடம்பெயர்ந்து வந்த இலங்கைத் தமிழர்கள் வளர்த்தெடுத்த கோயில். இப்போதைய கட்டடத்துக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது.

மே, ஜூன் பக்கம் திருவிழா. தேர் அன்றைக்குப் போனால் இது ஜெர்மனி என்பதே மறந்துபோகும். காவடி, தேங்காய் உடைக்கும் சத்தம், வடையும் பொங்கலும். பிரான்சிலிருந்தும் ஸ்விட்சர்லாந்திலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தீர்த்தத்துக்கு அம்பாள் பக்கத்துக் கால்வாய்க்குப் போவாள்.

முதல் முறை நான் போனபோது ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து "பிள்ளை, எங்கயிருந்து வாறீங்கள்?" என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். "அது எங்க, இந்தியாவிலயோ?" என்றவர் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார். "தேத்தண்ணி குடியுங்கோ. மெலிஞ்சு போய்க் கிடக்கிறீங்கள்." என்னை அவருக்கு அதற்கு முன் தெரியாது, மெலிந்திருந்தது உண்மை.

பாரிஸே வேண்டாமா அப்போ?

வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரு நாளில் வேண்டாம், அவ்வளவுதான். ஆகனிலிருந்து யூரோஸ்டார் நேரே போகிறது, முன்பதிவு சீக்கிரம் செய்தால் கட்டுப்படியாகும். இல்லையென்றால் ராத்திரி பஸ். இரண்டு இரவாவது தங்குங்கள். கோபுரமெல்லாம் பார்த்து முடித்துக் காலும் மனசும் ஓய்ந்தபின், வட ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பக்கம் நடந்து போங்கள். கடைப் பலகைகள் தமிழில் இருக்கும். முருங்கைக்காய், கொத்து ரொட்டி, தாலிக் கடை. ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் அந்தத் தெருக்களில்தான் ஓடும்.

சொந்தக்காரர் வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?

போங்கள், இரண்டு நாள் சோறு நிச்சயம். வெறுங்கையோடு போகாதீர்கள், ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாயில் ஒரு பாக்கெட்டை இதற்காகவே எடுத்து வையுங்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் ஸ்டேஷன் பூக்கடை ஒன்றுதான் திறந்திருக்கும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் அவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கச் சொல்வார்கள். அதுவும் பயணச் செலவில் சேர்த்தி.

அம்மா அப்பாவை வரவழைக்க என்ன செய்ய வேண்டும்?

ஷெங்கன் சுற்றுலா விசா. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர 15 நாள், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். கோடை விடுமுறைக்கு முன் சென்னையில் நேரம் கிடைப்பது பெரிய பாடு, ஜனவரியிலேயே பார்க்க ஆரம்பியுங்கள். பல நாடுகள் போவதாக இருந்தால் அதிக இரவுகள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

செலவுக்கு நான் பொறுப்பு என்று உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம், ஆனால் அதற்குப் போதுமான வருமானம் காட்ட வேண்டும். மாணவர்களால் பெரும்பாலும் முடியாது. அப்பாவின் வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, கடை அல்லது வேலைக்கான சான்று, உங்கள் அழைப்புக் கடிதம், உங்கள் சேர்க்கைச் சான்று என்று போவதுதான் வழக்கமான பாதை. விமான நிலையத்தில் கைரேகையும் படமும் எடுப்பார்கள், இது 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறை. முன்கூட்டியே சொல்லி வைத்தால் பதறமாட்டார்கள்.

அவர்கள் வந்தபின் எங்கெல்லாம் கூட்டிப்போவது?

நண்பர்களோடு போட்ட திட்டத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நான் என் அப்பா அம்மாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று ஊர் என்று போட்டிருந்தேன். முதல் நாள் கொலோன் கதீட்ரல் கோபுரம். 533 படி, லிஃப்ட் கிடையாது. நூறாவது படியில் அம்மா "நீ போய் பார்த்துட்டு வாம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரியே பட்டியலில் பாதியை அடித்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரு ஊர், மதியம் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது, இவ்வளவுதான் திட்டம். ஸ்டேஷன் கழிப்பறைக்கு ஒரு யூரோ. அம்மா அதை நூறு ரூபாய் என்று மாற்றிப் பார்த்துவிட்டு "அடுத்த ஊர்ல போய்க்கிறேன்" என்பார், விடாதீர்கள். சில்லறைக் காசை அவர் பர்ஸிலேயே போட்டு வைத்துவிடுங்கள், கேட்டு வாங்கக் கூச்சப்படுவார்.

அவர்களுக்கும் ஒரு மாதத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிட்டால் வசதி. அது சந்தா, அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அப்பா ஊருக்குப் போனபின்னும் உங்கள் கணக்கில் பணம் போகும். ஏப்ரல், மே என்றால் நெதர்லாந்தின் கூக்கன்ஹோஃப் துலிப் தோட்டம், வருடத்தில் எட்டு வாரம் போலத்தான் திறந்திருக்கும். எந்த அம்மாவுக்கும் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் ஜெயித்த ஊர் யாரும் எதிர்பார்க்காதது. மொன்ஷாவ். ஆகனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஐஃபெல் மலைக்குள் ரூர் என்ற சின்ன ஆறு, இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், கற்பலகைக் கூரை. அங்கே 1882-இலிருந்து நடக்கிற ஒரு கடுகு ஆலை இருக்கிறது. அப்பா நாற்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருப்பவர். கோட்டை, கதீட்ரல் எதற்கும் "ம்" என்று மட்டும் சொன்ன மனிதர், ஆலைக்குள் போனதும் மாறிவிட்டார். கல்லில் அரைபடுவதைக் கிட்டே போய்ப் பார்த்தார், கடுகை உள்ளங்கையில் போட்டு விரலால் தள்ளித் தள்ளி அளந்தார், ஒரு மணியைக் கடித்தார். "நல்ல சரக்கு. இதைத் தாளிக்காம அரைச்சு வச்சிருக்கானே!" என்றார். அத்திப்பழம் போட்டது, தேன் போட்டது என்று நாலு ஜாடி வாங்கினோம். ஊரில் அது இப்போது தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் போகிறது.

கார் எடுத்துப் போகலாமா?

இந்திய உரிமம் இங்கே குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும், மொழிபெயர்ப்போடு. அதற்குப் பிறகு தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி ஜெர்மன் உரிமம் வாங்க வேண்டும். இளைஞர்களுக்கு வாடகைக் கம்பெனிகள் கூடுதல் கட்டணமும் போடும். பெற்றோர் வந்தபோது மட்டும் ஜெர்மன் உரிமம் இருந்த ஒரு நண்பரைக் கெஞ்சி ஒருநாள் எடுத்தோம். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க ஹாரன் சத்தமே கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார்.

குளிர்காலத்தில் என்ன செய்வது?

டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கையுறை இரண்டு ஜோடி. ஒன்றைக் கட்டாயம் தொலைப்பீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தைகள். ஆகனில் கதீட்ரலுக்கும் நகர மன்றத்துக்கும் நடுவில் போடுவார்கள், ஊரின் அடையாளமான பிரிண்டன் என்ற மசாலா பிஸ்கெட் எல்லாக் கடையிலும் இருக்கும். கடினமானது, கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். சூடாக ஊற்றித் தருவது ஒயின். வேண்டாதவர்கள் கிண்டர்புன்ஷ் என்று கேட்டால் பழரசம் கிடைக்கும். கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு படம் போட்டிருப்பார்கள் என்பதால் நான் கொடுப்பதில்லை. அலமாரியில் ஐந்து சேர்ந்திருக்கிறது, வீட்டுக்கு யார் வந்தாலும் அதில்தான் ஃபில்டர் காபி.